வீச்சின் பிழையும் பந்தின் சான்றும்

நோயின் மூலத்தை ஆராயாது அதன் குறிகளை மாத்திரம் அடக்க முயலும் வைத்தியன் ஈற்றில் அந்நோயை வளர்த்தவனாகவே முடிவான். இவ்வுண்மை உடற்பிணிக்கு மாத்திரமன்றி, மனிதன் பயின்று கைவரப்பெறும் தொழில்கள் யாவற்றுக்கும் பொருந்துவதாகும். விளையாட்டுக்களுள் இதனை மிகத் தெளிவாகக் காட்டுவது கோல்ப் ஆட்டம். துடுப்பாட்டக்காரன் தன் தவறுக்குப் பந்தெறிவோனின் திறமையைக் காரணமாகக் காட்டலாம். கோல்ப் ஆடுவோனுக்கோ அவ்வாய்ப்பு இல்லை. பந்து அசையாது கிடக்கின்றது. எதிராளி இடையிற் புகுவதில்லை. அடிக்கும் வேளையையும் அவனே தெரிந்துகொள்கின்றான். ஆகவே பிழை பெரும்பாலும் அவனுடையதே. அப்பிழையை இனங்கண்டு களைவது எவ்வாறு என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாட்டம் ஸ்கொத்லாந்தில் வளர்ந்தது. 1457ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம், மக்கள் விற்பயிற்சியைப் புறக்கணிக்கின்றனர் எனக் கருதி, கோல்பையும் உதைபந்தாட்டத்தையும் விலக்கிச் சட்டம் இயற்றியது. விலக்கப்பட்ட ஆட்டம் அழியாது பிற நாடுகளுக்கும் பரவி, பிரித்தானியர் ஆட்சிக் காலத்திலே கொழும்பிலும் நுவரெலியாவிலும் கால்கொண்டது. 45.93 கிராம் நிறைக்கு மேற்படாத பந்தொன்றை நீண்ட கோலால் அடித்துச் சென்று, 108 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழியுள் வீழ்த்துதலே ஆட்டம். நெடுந்தூர அடியின்போது கோலின் தலை மணிக்கு 150 கிலோமீற்றர் அளவான வேகத்தில் வருகின்றது. அது பந்தைத் தொட்டுநிற்கும் நேரமோ ஒரு செக்கனின் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அவ்விமைப்பொழுதிற் பந்து 3 பாகை மாத்திரம் பிசகிப் புறப்படுமாயின், 200 யார் தூரத்தில் அது 10 யாருக்கு மேல் விலகிவிடும்.

புதிதாகப் பயில்வோரை மிகுதியாக வருத்தும் பிழை, பந்து வானில் வலப்புறமாக வளைந்து செல்லுதலாகும். இதனை 'ஸ்லைஸ்' என்பர். (வலக்கையாளரை முன்வைத்தே இங்குக் கூறுகின்றோம், இடக்கையாளர் வலம் இடம் என்பவற்றை மாற்றிக் கொள்க.) பந்து வலப்புறம் போகக் கண்டவன் இயல்பாகவே அடுத்த முறை இடப்புறம் நோக்கி நின்று, இடப்புறமாகக் கோலை இழுத்து அடிக்கின்றான். பந்து முன்னையினும் அதிகமாக வலப்புறம் வளைகின்றது. அவன் இன்னுஞ் சிறிது இடப்புறம் திரும்புகின்றான். பந்தும் இன்னுஞ் சிறிது வளைகின்றது. இவ்வாறு மருந்தே நோயை வளர்க்கக் காண்கின்றோம். இது நிகழ்வது ஏன்?

விடையின் முதற்பகுதியைக் கண்டவர் எடின்பரோப் பல்கலைக்கழகத்திற் பௌதிகப் பேராசிரியராக விளங்கிய பீற்றர் கத்திரி ரெயிற் என்பவர். அவருடைய மைந்தன் பிரெடி ரெயிற் 1896ஆம், 1898ஆம் ஆண்டுகளிற் பிரித்தானிய அமத்தியூர் வாகையைச் சூடிய ஆட்டக்காரன். தந்தையார் பந்தின் பறப்பைக் கணித முறையில் ஆராய்ந்து, சுழலும் பந்தைக் காற்று ஒருபுறமாகத் தள்ளுகின்றது என்பதையும், பின்னோக்கிய சுழற்சியே பந்தை நெடுநேரம் வானில் தாங்குகின்றது என்பதையும் 1890ஆம் ஆண்டு தொடக்கம் வெளியிட்ட கட்டுரைகளில் விளக்கினார். சுழற்சியின் அச்சு கிடையாக இருப்பின் பந்து நேரே எழும்பும். அவ்வச்சு வலப்புறம் சாயின் பந்தும் வலப்புறம் வளையும். ஆகவே வளைவுக்குக் காரணம் அடியின் வலிமையுமன்று, காற்றின் கொடுமையுமன்று. சுழற்சி அச்சின் சாய்வேயாகும்.

அச்சைச் சாய்ப்பது யாது? இங்கே இரண்டு பொருள்களை வேறுபடுத்தி அறிதல் வேண்டும். ஒன்று, பந்தைத் தொடும் கணத்திற் கோலின் தலை செல்லும் பாதை; மற்றொன்று, அக்கணத்திற் கோலின் முகம் நோக்கும் திசை. பந்து கோலின் நடுவிற் படுமாயின், இவ்விரண்டும் ஒரே திசையில் அமைந்தபோது வளைவு இல்லை. முகம் பாதைக்கு வலப்புறமாகத் திறந்திருப்பின் பந்து வலப்புறமும், இடப்புறமாக மூடியிருப்பின் இடப்புறமும் வளையும். இரண்டுக்கும் இடையேயுள்ள கோணம் பெருகப் பெருக வளைவும் பெருகும். முகம் இருந்தபடி இருக்கப் பாதையை மாத்திரம் இடப்புறம் திருப்புவோன் அக்கோணத்தைப் பெருக்குகின்றான். மேலே கூறிய மாணவனின் அவலத்துக்குக் காரணம் இதுவே.

ஆசிரியர்களும் இவ்விடத்தில் நெடுங்காலம் தவறியே வந்தனர். பந்து முதலிற் கோலின் பாதை வழியே புறப்பட்டுப் பின்னர் முகம் நோக்கிய திசைக்கு வளைகின்றது என்று பல நூல்கள் போதித்தன. இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராடர்க் கருவிகளும் அதிவேக ஒளிப்படக் கருவிகளும் பயிற்சித் திடல்களுக்கு வந்தபோது உண்மை வேறாகக் காணப்பட்டது. பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது முகமே. பாதையின் பங்கு சிறிது. எனவே பந்தின் பறப்பைப் பார்த்து இரண்டு வினாக்களை வினவுதல் தகும். பந்து எத்திசையிற் புறப்பட்டது? அது முகம் நோக்கிய திசையை ஏறக்குறையக் கூறும். பின்னர் எப்பக்கம் வளைந்தது? அதற்கு எதிர்ப்பக்கமாகப் பாதை சென்றது என்பது அதன் பொருள். இடப்புறம் புறப்பட்டு வலப்புறம் வளைந்த பந்து, முகம் இடப்புறம் நோக்கியதென்றும், பாதை அதனினும் இடப்புறம் சென்றதென்றும் சான்று பகர்கின்றது. சான்று சொல்லும் பந்து பொய் கூறுவதில்லை. ஆடுவோனின் உணர்ச்சியே பெரும்பாலும் பொய் கூறுகின்றது.

இனி, பரிகாரத்தை நோக்குவாம். பலருக்கு முகம் திறந்திருத்தலே மூலப்பிழை; பாதை இடப்புறம் திரும்புதல் அதனை மறைக்க எழுந்த வழிப்பிழை. ஆதலின் முகத்தையே முதலிற் சீர்செய்தல் வேண்டும். முகத்தை ஆள்வது கைப்பிடி. கோலைப் பிடித்துக் குனிந்து நோக்கும்போது இடக்கையின் விரல் முட்டிகளில் ஒன்று மாத்திரம் தெரியுமாயின், இரண்டோ மூன்றோ தெரியும்வரை இரு கைகளையும் கோலின்மீது வலப்புறமாகச் சிறிது திருப்பிப் பிடிக்க வேண்டும். இதன்பின் நிகழ்வது கவனிக்கத்தக்கது. முகம் சீரடைந்து, பழைய பாதை மாறாதிருப்பதால், பந்து வளையாது நேராக இடப்புறம் செல்லும். மாணவன் இதனைக் கண்டு, பரிகாரம் பயன்படவில்லை என வெறுத்துப் பழைய பிடிக்கே மீள்கின்றான். உண்மையில் அவன் பாதி குணமடைந்துள்ளான். அரைகுறைக் குணம் முழுநோயினும் தீயதாகத் தோன்றும் இவ்விடத்திலேயே பலர் பயிற்சியைக் கைவிடுகின்றனர்; ஆசிரியனின் துணை மிகவும் வேண்டப்படுவதும் இவ்விடத்திலேயே.

அடுத்துப் பாதையைத் திருத்தலாம். கோலை மேலிருந்து இறக்கும்போது வலத்தோளும் கைகளும் முந்திக்கொள்வதாற் பாதை வெளியிலிருந்து உள்நோக்கி வெட்டுகின்றது. முதலில் உடற்பாரம் இடக்காலுக்கு மாற, இடுப்பு திரும்ப, அதன்பின் தோளும் கைகளும் தொடர்தலே முறை. பந்துக்குச் சிறிது பின்னால், இலக்குக் கோட்டுக்கு அப்பால், வெறுமையான காகிதப் பெட்டி ஒன்றை வைத்துப் பயில்க. வெளியிலிருந்து வரும் கோல் பெட்டியைத் தட்டித் தன் குற்றத்தைத் தானே அறிவிக்கும்.

பந்தின் தலையில் அடித்து அதனை நிலத்தில் உருளச் செய்தலும், பந்துக்கு முன்னரே மண்ணை அடித்தலும் மற்றிரு பிழைகள். "தலையைத் தூக்கிவிட்டாய்" என்று அருகில் நிற்போர் கூறுவர். தலையெழுதல் பெரும்பாலும் காரணமன்று, காரியமே. பந்தை மேலே எழுப்ப வேண்டுமெனக் கருதி உடலைப் பின்சாய்த்து அள்ளி அடிப்பதால், வீச்சின் தாழ்ந்த இடம் பந்துக்குப் பின்னால் அமைகின்றது. பந்தை எழுப்பும் பணியைக் கோல் முகத்தின் சாய்வே செய்துவிடும். மணலிற் கோடொன்று கீறி, பந்தின்றியே வீசி, கோல் மணலைத் தொடும் தழும்பு கோட்டிலோ அதற்கு முன்பக்கத்திலோ விழும்வரை பயிலுதல் நன்று.

மேதைகளும் இவ்வழியே சென்றோராவர். அமெரிக்கராகிய பென் ஹோகன் இளமையிற் பந்து இடப்புறம் கடுமையாக வளையும் 'ஹூக்' என்னும் பிழையாற் பல்லாண்டு வருந்தினார். அவர் வலப்புறம் குறிபார்த்து அப்பிழையோடு சமரசம் செய்துகொள்ளவில்லை. கைப்பிடியையே மாற்றியமைத்து மூலத்தைக் களைந்தார். 1949ஆம் ஆண்டிற் பேருந்தோடு மோதிய கார் விபத்திற் பெருங்காயமுற்றும், மறு ஆண்டில் அமெரிக்கத் திறந்த வாகையை வென்றார். 1957ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது பயிற்சி நூலின் முதற் பாடம் கைப்பிடியைப் பற்றியதேயாகும்.

முடிவாகச் சில. ஒரு நாளில் ஒரு பிழையையே திருத்துக. முழு வேகத்தில் அன்றி, அரை வீச்சில் மெதுவாகத் தொடங்குக. ஒவ்வோர் அடியின் பின்னும் பந்து புறப்பட்ட திசையையும் வளைந்த பக்கத்தையும் குறித்துக்கொள்க. பந்து தவறிய திசைக்கு எதிராக உடனே பாய்தல் எளிது. சற்றே நின்று, தவறு எங்கிருந்து வந்தது என வினவுதல் அரிது. அவ்வினாவைக் கேட்கப் பழகியவன் பெறும் முதற்பயன், பிழைத்த அடியும் அவனுக்கு வீணாகாது என்பதே.