நடையும் பேச்சும்

தமிழில் ‘நடை’ என்னும் சொல் காலால் நடப்பதையும் குறிக்கும். ஒருவருடைய மொழிநடையையும் குறிக்கும். ‘நட’ என்னும் வினையடியிலிருந்தே நடத்தை, நடப்பு, நடைமுறை ஆகியனவும் கிளைத்துள்ளன. சொல்லளவில் நெருங்கி நிற்கும் நடையும் பேச்சும் உடலளவிலும் தொடர்புடையனவா என்பதை இவ்வுரையில் நாம் ஆராய்வோம்.

முதலில் நிற்றலைக் கருதுவோம். அசையாமல் நிற்பதாகத் தோன்றும் உடல் உண்மையில் இடைவிடாது சிறிதளவு ஆடிக்கொண்டே இருக்கிறது. கண் தரும் காட்சி, உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு, தசைகளும் மூட்டுகளும் அனுப்பும் உணர்வு ஆகிய மூன்றையும் கொண்டு மூளை அவ்வாட்டத்தைத் திருத்துகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் செருமானிய மருத்துவர் ரோம்பெர்க், தசையுணர்வு குன்றியோர் கண்களை மூடியவுடன் தள்ளாடுவதை விளக்கினார். ஒரு வழி பழுதுற்றால் மற்றொன்று ஈடுசெய்கிறது. அதையும் மறைத்தால் உடல் நிலைகுலைகிறது.

நடத்தல் இதனினும் அரிய செயல். அடியெடுக்கும்போது உடலின் எடை முழுவதும் ஒற்றைக் காலின்மேல் நிற்கிறது. இளமையில் இது பெரும்பாலும் தானாகவே நிகழ்கிறது. முதுமையிலும் நோயிலும் புலன்கள் மங்கும்போது, அக்குறையைக் கவனம் நிரப்ப வேண்டியுள்ளது. பேச்சுக்கும் அதே கவனம் தேவை. ஆகவே இரண்டும் போட்டியிடுகின்றன.

இதனைச் சுவீடனின் ஊமியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லுண்டின்-உல்சனும் உடனாய்வாளரும் 1997இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எடுத்துக்காட்டினர். முதியோர் குடியிருப்பில் வாழ்ந்த 58 பேருடன் நடக்கும்போது பேச்சுக் கொடுத்தனர். 12 பேர் விடையளிப்பதற்காக நின்றுவிட்டனர். அடுத்த ஆறு மாதங்களில் அப்பன்னிருவருள் 10 பேர் விழுந்தனர். நிற்காத 46 பேரிலும் 11 பேர் விழுந்தனர். எனவே, பேசிக்கொண்டே நடப்பவர் விழமாட்டார் என்று முடிவுகட்டலாகாது. பேச நிற்பவரையோ மிகுந்த அக்கறையுடன் நோக்க வேண்டும்.

பேச்சு நடைக்கு இடையூறாவது போலவே துணையாகவும் அமையக்கூடும். 1998இல் வுல்ஃபும் உடனாய்வாளரும் ஆடும் பலகையின்மேல் சமநிலை பயில்வோருக்கு இருவகைக் கட்டளைகளை அளித்தனர். ‘பாதங்களைச் சமமாக வைத்திருங்கள்’ என்று கேட்டோரைவிட, ‘பலகையிலுள்ள குறிகளைச் சமமாக வைத்திருங்கள்’ என்று கேட்டோர் பின்னர் நடந்த சோதனையில் நன்றாகச் செய்தனர். செயல் ஒன்றே, சொல் மட்டுமே வேறு. உடலுறுப்பின்மேல் செல்லும் கவனம் தானியங்கும் அசைவைத் தடுக்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். பார்க்கின்சன் நோயாளர் பலர், வெறுந்தரையில் குறுநடையிட்டுத் தடுமாறினாலும், தரையில் குறுக்குக் கோடுகள் வரையப்பட்டால் அவற்றைத் தாண்டி நீள அடி வைக்கின்றனர். ‘காலைத் தூக்குங்கள்’ என்பதும் ‘இந்தக் கோட்டைத் தாண்டுங்கள்’ என்பதும் இலக்கணத்தில் ஏவல்களே. கேட்பவரின் கவனத்தை அவை வெவ்வேறிடத்துக்கு அனுப்புகின்றன. எந்நோயாளருக்கு எது பொருந்தும் என்பதை மறுவாழ்வுச் சிகிச்சையாளரே முடிவு செய்தல் வேண்டும்.

மாணவர் பலர் பாட்டி தாத்தாவுடன் வாழ்கின்றனர். அவர்கள் படிக்கட்டில் இறங்கும்போதோ மின்தூக்கியிலிருந்து வெளிவரும்போதோ பின்னாலிருந்து வினாத் தொடுப்பதைத் தவிர்ப்போம். அவர்கள் பேச விரும்பினால் நாமும் உடன் நிற்போம். பேசி முடித்தபின் சேர்ந்து நடப்போம். முன்பு நடந்துகொண்டே பேசியவர் இப்போது பேசுவதற்காக நிற்கத் தொடங்கினால், அம்மாற்றத்தை வீட்டாரிடமும் மருத்துவரிடமும் தெரிவிப்போம்.