கிழிந்த சமையல் குறிப்பேடும் ஒரு வீடியோ விளையாட்டும்



சுன்னாகத்தில் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். இரவுச் சாப்பாட்டு நேரம். அடுப்படியில் உம்மா புட்டுக்கு மா குழைக்கிறார். பனையோலை நீத்துப்பெட்டி பக்கத்தில் தயாராக இருக்கிறது. மகனோ கூடத்தில் கைபேசியில் விளையாடிக்கொண்டிருக்கிறான். “மகன், இந்தத் தேங்காய்ப்பூவைக் கொஞ்சம் எடுத்துத் தாங்க” என்று இரண்டு தடவை கூப்பிட்டும் அவன் காதில் விழவில்லை. இந்தக் காட்சி உங்கள் வீட்டிலும் உண்டுதானே?

அப்படியொரு விளையாட்டுத் திரைக்குள்ளேயே ஒரு தமிழ்த் தாய் புட்டு அவிக்கிறாள் என்றால் நம்புவீர்களா? ஆம், நடந்திருக்கிறது. அந்த விளையாட்டின் பெயர் ‘வெண்பா’.

சீட்டுக் கட்டில் தொடங்கிய கதை

நம் பிள்ளைகளை மயக்கும் இந்த விளையாட்டுத் தொழிலின் பெரும் புள்ளிகளில் ஒன்று ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம். 1889ஆம் ஆண்டு கியோட்டோ நகரில் புசாஜிரோ யமவுச்சி என்பவர் அதை ஆரம்பித்தார். அப்போது அங்கே செய்தது பூப்படம் போட்ட சீட்டுக் கட்டுகளை. சூதாடுபவர்களும் அவற்றை வாங்கினார்கள். பிற்காலத்தில் நிறுவனம் சிறுவர் விளையாட்டுப் பொருட்களுக்கு மாறியது. 1980இல் கையடக்க மின்னணு விளையாட்டுக் கருவியையும் 2017இல் ‘சுவிட்ச்’ என்ற கருவியையும் வெளியிட்டது.

இத்தகைய கருவிகளில் ஓடும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை ஓடுவது, தாவுவது, சுடுவது என்றே இருக்கும். அவற்றுக்கு நடுவே நம் அடுப்படியையும் கொண்டுவந்து வைத்தது கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ‘விசை கேம்ஸ்’ என்ற சிறிய நிறுவனம். விளையாட்டை வடிவமைத்தவர் அபி. படங்களை வரைந்தவர் சாம் எல்கானா. 2023 ஜூலை 31ஆம் திகதி ‘வெண்பா’ வெளிவந்தது. நிண்டெண்டோவின் சுவிட்ச் கருவியிலும் அதை விளையாடலாம்.

கதை என்ன?

1988ஆம் ஆண்டு. வெண்பாவும் கணவர் பாவலனும் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போய் வாழ்கிறார்கள். பிழைப்பு சிரமமாக இருக்கிறது. ஊருக்கே திரும்பிவிடலாமா என்று யோசிக்கும் நேரத்தில் வெண்பா கருவுற்றிருப்பது தெரியவருகிறது. பிள்ளைக்காக அங்கேயே தங்குகிறார்கள்.

வெண்பாவிடம் அவளுடைய தாயின் சமையல் குறிப்பேடு இருக்கிறது. ஆனால் அது கிழிந்து, எழுத்து அழிந்து போயிருக்கிறது. விடுபட்ட படிகளை யோசித்துக் கண்டுபிடித்துச் சமைத்து முடிப்பதே விளையாடுபவரின் வேலை. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி எல்லாவற்றுக்கும் போகும்? புட்டுக் குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் எந்த வரிசையில் விழவேண்டும்? புரியாணி, அதுவும் உண்டு! நமக்குக் கைப்பழக்கமாகிப்போன இந்தச் சங்கதிகளுக்குள் எவ்வளவு அறிவு இருக்கிறது என்பதை அந்த விளையாட்டு உலகத்துக்குக் காட்டிவிட்டது.

மகன் கவின் வளர்கிறான். சிறு வயதில் அவன் கேட்பது பீட்சா. பிறகு தாயின் மொழியும் அவனுக்குத் தூரமாகிறது. தாய் ஆசையோடு சமைத்து வைத்துக் காத்திருப்பாள்; மகன் வரமாட்டான். பல வருடங்களுக்குப் பின், வளர்ந்து ஆளான கவின் அந்தக் குறிப்பேட்டைத் திறக்கிறான். எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் அவனால் வாசிக்க முடிகிறது. தாயின் சமையல் இப்போது அவனுக்கு வேண்டும். ஆனால் அதைச் சொல்லும் தமிழ் அவனிடம் பாதிதான் இருக்கிறது. இந்த இடத்தில் கண் கலங்காத தாய் யார்?

ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் இந்தச் சிறு விளையாட்டு, 2024இல் அமெரிக்காவில் நடந்த சுதந்திர விளையாட்டு விழாவின் முதற்பரிசைப் பெற்றது. அதே ஆண்டு, சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பிரிட்டனின் ‘பாஃப்டா’ விருதும் கிடைத்தது.

நமக்கு என்ன இதில்?

இழப்பது என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்கள், வீட்டையும் உடைமைகளையும் விட்டுத்தான் போயின. உம்மம்மாவின் கைப்பக்குவம் மட்டும் பெண்களின் கைகளோடு கூடவே போனது. அதை யாரும் பறிக்கவில்லை. ஆனால் யாரும் பறிக்காமலே அது நம் கையைவிட்டுப் போய்விடக்கூடும். நாம் சொல்லிக்கொடுக்காவிட்டால், பிள்ளைகள் கேட்காவிட்டால், ஒரே தலைமுறையில் போய்விடும்.

ஆகவே சகோதரிகளே, இன்றைக்கே ஒரு கொப்பியை எடுங்கள். உங்கள் உம்மாவின் வட்டிலப்பத்தையும் நோன்புக் கஞ்சியையும் எழுதி வையுங்கள். ‘அளவாக’, ‘கொஞ்சம்’ என்று எழுதாமல், எத்தனை சுண்டு அரிசி, எத்தனை முட்டை, தேங்காய்ப்பாலை எப்போது விடுவது என்று விபரமாக எழுதுங்கள். அழகான கையெழுத்து அவசியமில்லை. ஆனால் தமிழில் எழுதுங்கள். அதைப் பிள்ளைகளைக் கொண்டு சத்தமாக வாசிக்கச் செய்யுங்கள்.

கைபேசியைப் பறித்து வைப்பதால் மட்டும் பிள்ளை அடுப்படிக்கு வந்துவிடமாட்டான். “இந்த விளையாட்டில் ஒரு உம்மா புட்டு அவிக்கிறாவாம், நம்முடைய நீத்துப்பெட்டியில் எப்படி அவிப்பது என்று பார்ப்போமா?” என்று ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். மகளை மட்டுமல்ல, மகனையும் கூப்பிடுங்கள். கவினும் ஒரு மகன்தானே!