காயலாங்கடை விலையா, வேலை விலையா?

மதுரை - திண்டுக்கல் சாலையில் விளாங்குடியைத் தாண்டி சமயநல்லூர், வாடிப்பட்டி என்று போனால் பெரியாறு பாசன வயல்கள். சேற்றுழவு ஓடும் நாட்களில்தான் ரோட்டவேட்டர் ஷாஃப்ட் தேய்வதும், கேஜ் வீலில் வெல்டிங் விடுவதும் நடக்கும். பட்டறையில் இரண்டு நாள் காத்திருந்தால் உழவு தள்ளிப்போகும். 2017-18ல் தொடங்கிய கூட்டுப்பண்ணையத் திட்டத்தில், 100 பேர் கொண்ட குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் வீதம் பெற்று கருவிகள் வாங்கிய குழுக்களுக்கு இப்போது பழுதுச் செலவு கூடும் காலம். 'பட்டறையை மூடுகிறார்கள், லேத் மலிவாக வருகிறது' என்று யாராவது சொன்னால் ஆசை வரத்தான் செய்யும்.

முதலில் எடையைக் கேளுங்கள். ஒரு டன் எடையுள்ள லேத், பழைய இரும்பு கிலோ 30 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 30,000 ரூபாய் அதன் காயலாங்கடை விலை. விற்பவர் 1,10,000 கேட்டால், மீதி 80,000 ரூபாயை அது இனிச் செய்யப்போகும் வேலைக்காகக் கொடுக்கிறீர்கள். அந்த வேலையை அது செய்யுமா என்பதுதான் கேள்வி. அன்றைய இரும்பு விலையைக் கடையில் விசாரித்துவிட்டே பேரத்துக்குப் போங்கள்.

புதுப் பெயின்டைப் பார்த்து மயங்க வேண்டாம். லேத்தின் உயிர் அதன் பெட். பெரும்பாலான வேலை சக்கை ஒட்டியே நடப்பதால், தேய்மானமும் அங்கேதான் அதிகம். கேரேஜை சக் பக்கம் நிறுத்தி, லேசாக இழுக்கும் அளவுக்கு லாக்கை இறுக்குங்கள். பிறகு கைச்சக்கரத்தைச் சுற்றி மறுமுனைக்கு நகர்த்துங்கள். போகப் போக இறுகிப் பிடித்தால் சக் பக்கம் பெட் தேய்ந்திருக்கிறது. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

அடுத்து, ஓடவிட்டுத்தான் பார்க்க வேண்டும். 'கரன்ட் இல்லை, இன்னொரு நாள்' என்றால் அந்த இன்னொரு நாளே பணமும் கொடுக்கலாம். எல்லா வேகத்திலும் ஓட்டி, கியர் சத்தத்தைக் கேளுங்கள். சக்குக்கு அடியில் மரக்கட்டையைக் கொடுத்து நெம்பி, ஸ்பிண்டில் ஆடுகிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். பிறகு தடித்த கம்பி ஒன்றைச் சக்கில் பிடித்து, டெயில்ஸ்டாக் கொடுக்காமல் 150 மி.மீ. நீளத்துக்கு மெல்லிய கட் ஓட்டி, இரு முனையையும் மைக்ரோமீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். 0.15 மி.மீ. வித்தியாசம் வந்தால், 20 மி.மீ. அகல பேரிங் உட்காரும் இடத்திலேயே 0.02 மி.மீ. சரிவு இருக்கும். பேரிங் சரியாக உட்காராது. சரிவு முழு நீளத்திலும் ஒரே சீராக இருந்தால் பெட் முறுக்கிக்கொண்டிருக்கலாம். லெவல் பார்த்து நிறுத்தினால் சரியாகவும் வாய்ப்புண்டு. ஓரிடத்தில் மட்டும் குழிவாக இருந்தால் தேய்மானம். பெட் கிரைண்டிங் செலவைத் தனியாக விசாரியுங்கள்.

பலர் கோட்டைவிடுவது உதிரிகளில். நான்கு தாடை சக், ஃபேஸ் பிளேட், ஸ்டெடி, மாற்றுக் கியர்கள் எல்லாம் கூடவே வருகின்றனவா? தனித்தனியாக வாங்கினால் விலை வேறு. மூன்று தாடை சக் மட்டும் இருந்தால், உருண்டையாக இல்லாத வார்ப்புப் பொருளைப் பிடிக்கவே முடியாது.

வெல்டிங் செட்டில் சுருள் தாமிரமா, அலுமினியமா என்று பாருங்கள். தாமிரத்துக்குக் காயலாங்கடையிலும் நல்ல விலை உண்டு. எண்ணெய் டேங்க் உள்ளதென்றால் கசிவையும் கருகல் வாடையையும் கவனியுங்கள். அரை மணி நேரம் தொடர்ந்து வெல்டிங் செய்து பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

கிரேன், லாரி, கான்கிரீட் அடித்தளம் ஆகியவற்றின் செலவையும் விலையோடு கூட்டுங்கள். வயலில் பம்பு செட்டுக்குக் கிடைக்கும் இலவச மின்சாரத்தில் லேத் ஓட்ட முடியாது. பட்டறைக்குத் தனி இணைப்பு வாங்க வேண்டும், அதுவும் மும்முனையில். அந்த இணைப்பு உங்கள் இடத்தில் கிடைக்குமா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்ட பிறகு முன்பணம் கொடுங்கள்.