கமக்காரர் வீட்டிற் கிளி வளர்ப்பு

மூதூர்ப் பகுதியில் நெல் முற்றும் காலத்திற் பச்சைக்கிளிகள் கூட்டமாக வந்து கதிர்களைக் கொய்து செல்வதைக் கமக்காரர் யாவரும் அறிவர். வயலில் விரட்டப்படும் அதே பறவை வீட்டிலே கூட்டில் வைத்து அன்புடன் வளர்க்கப்படுவதும் உண்டு. ஆயினும், கமம் செய்வோர் வீட்டுக் கிளிக்கு ஏனைய வீடுகளில் இல்லாத சில ஆபத்துக்கள் உள. அவற்றை அறிந்து காத்தல் வளர்ப்போரின் கடமையாகும்.

வளர்க்க எண்ணுமுன்

நன்கு பேணப்படும் பச்சைக்கிளி 20 முதல் 30 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. ஆகவே, பிள்ளைகளின் சில நாள் ஆசைக்காக அதனைப் பெறுதல் தகாது. மரப்பொந்துகளிலிருந்து குஞ்சுகளை எடுத்தலும் ஆகாது. குஞ்சு பறக்கத் தொடங்க ஏறக்குறைய ஏழு வாரங்கள் செல்லும். அதுவரை தாய், தந்தைப் பறவைகள் இரண்டும் அதற்கு இரையூட்டும். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பல காட்டுப் பறவைகளுக்குப் பாதுகாப்பளிக்கின்றது. எவ்வினத்தை வைத்திருக்கலாம் என்பதை வனசீவராசிகள் திணைக்களத்திற் கேட்டறிதல் வேண்டும்.

கூடும் உணவும்

கிளி இரு சிறகுகளையும் முழுமையாக விரிக்கத்தக்க அகலம் கூட்டுக்கு இருத்தல் வேண்டும். துத்தநாகம் பூசிய மலிவான கம்பியைக் கிளி இடைவிடாது கடிப்பின் உடலில் நஞ்சேறும். அமர்வதற்கு வேப்பங்கொப்பு ஏற்றது.

நெல்லை மாத்திரம் தின்னும் கிளி உயிர்ச்சத்து ஏ குறைந்து நோயுறும். கீரை, பூசணி, பப்பாசி, கொய்யா, பயற்றங்காய் ஆகியவற்றை நாள்தோறும் மாற்றிக் கொடுத்தல் நன்று. பறவைகளுக்கு உறைப்புத் தெரியாதாகையால் மிளகாயும் கொடுக்கலாம். ஆனைக்கொய்யா கிளிக்கு நஞ்சாகும். அதனை ஒருபோதும் கொடுத்தலாகாது.

கிருமிநாசினி

பச்சைக்கிளியின் நிறை சுமார் 120 கிராம் மாத்திரமே. மனிதருக்குத் தீங்கு செய்யாத சிறிதளவு நஞ்சும் அதனைக் கொல்லப் போதுமானது. மருந்து தெளித்த வயலின் கதிரையோ தோட்டத்து மரக்கறியையோ அதற்குக் கொடுத்தல் கூடாது. கிளிக்கென வீட்டு வளவில் மருந்தடியாத ஒரு சிறு பாத்தி வைத்துக்கொள்வது சாலச் சிறந்தது. தெளிகருவி வைக்கும் இடத்தருகே கூட்டைத் தொங்கவிடலாகாது. மருந்து தெளித்து வந்தவர் குளித்து உடைமாற்றிய பின்னரே கிளியைத் தொடுதல் வேண்டும்.

கோழிகளுக்கு வரும் கேடு

ராணிக்கெட் நோய் கிளிகள் மூலமாகவும் கோழிகளுக்குப் பரவும். 1971 முதல் 1973 வரை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இந்நோய் பரவியபோது ஏறக்குறைய 1 கோடியே 20 இலட்சம் பறவைகள் அழிக்கப்பட்டன. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கிளிகளே அதற்குக் காரணமென அறியப்பட்டது. எனவே, புதிதாக வரும் பறவையை 30 நாட்கள் கோழிக்கூட்டுக்கு அப்பால் தனியே வைத்தல் வேண்டும். கோழிகளுக்குக் காலந்தவறாது தடைமருந்து ஏற்றுவித்தலும் அவசியம்.

கிளியின் எச்சத்திலிருந்து எழும் தூசியால் மனிதருக்குக் காய்ச்சலும் நுரையீரல் அழற்சியும் உண்டாகலாம். ஆகவே, கூட்டை நீர் தெளித்து நனைத்த பின்னரே துப்புரவு செய்க. பின் சவர்க்காரமிட்டுக் கைகழுவுக. காய்ச்சல் கண்டால், வீட்டிற் கிளி உண்டென்பதை வைத்தியருக்குக் கூறுதல் வேண்டும்.

இரை தின்னாது இறகை உப்பிக்கொண்டு அமர்ந்திருக்கும் கிளி கடும் நோயுற்றதாகும். அதனைத் தாமதியாது மிருக வைத்தியரிடம் காட்டுக. வளர்க்க இயலாதபோது, கைப்பழக்கமான கிளியைத் திடீரெனப் பறக்கவிடலாகாது. இரைதேட அறியாத அது விரைவில் மடியும். பொறுப்புள்ள வேறொருவரிடம் அதனை ஒப்படைத்தலே முறையாகும்.