கடைமடைக்கும் நீர்

நீர்த்தேக்கத்தின் மதகைத் திறந்து நீர் விடுவது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கடமை. அந்நீர் கடைமடை வயலைச் சேர்வதோ கமக்காரரின் கையிலுள்ளது.

கல்லோயா இடதுகரையில் 1981ஆம் ஆண்டில் நீர் அருகியிருந்தது. வாய்க்கால்கள் தூர்ந்து கிடந்தன. அவ்வாண்டு அங்கு சென்ற பயிற்சி பெற்ற அமைப்பாளர் ஊரிலேயே தங்கி, வாய்க்கால்தோறும் கமக்காரரை ஒன்றுகூட்டினர். கமக்காரர் தாமே வாய்க்காலைத் துப்புரவாக்கினர். முறை வகுத்துப் பாய்ச்சினர். மிஞ்சிய நீரைக் கடைமடைக்கு விட்டனர். அவர்தம் பிரதிநிதிகள் பொறியியலாளருடன் அமர்ந்து நீர்ப் பங்கீடு பற்றிக் கலந்தாலோசித்தனர்.

ஆகவே, போகத்துக்கு முன் கூடும் கூட்டத்துக்குக் கமக்காரர் தவறாது செல்லுதல் வேண்டும். வாய்க்காலின் குறைகளை உத்தியோகத்தருக்கு எடுத்துரைத்தலும், நீர் வருமுன் அதனைத் துப்புரவாக்குதலும் அவசியம். தலைமடையார் தம் முறை முடிந்ததும் வக்கடையை அடைப்பாராயின், கடைமடையாரும் அறுவடை காண்பர்.