கம்மல் தப்பியது!

மூத்த மகள் பிளஸ் 2 படித்தபோது, 2019ல் அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப்பை இப்போது சின்னவன் எடுத்தால், 'ஆன்' ஆகவே பத்து நிமிடம். புதுசு வாங்க, என் கம்மலை அடகு வைக்கவும் துணிந்து விட்டேன்.

பழுது பார்க்கும் தம்பியோ, 'லேப்டாப்புக்கு ஒண்ணும் ஆகலைங்க்கா... சுத்துற ஹார்டு டிஸ்க்தான் மெதுவாயிடுச்சுங்க. அதுக்குப் பதிலா எஸ்.எஸ்.டி. போட்டு, 4 ஜி.பி. ராம் சேர்த்தாப் போதுமுங்க' என்றார். சிறுவாட்டுப் பணம் நாலாயிரத்துக்குள் வேலை முடிந்தது. அரை நிமிடத்தில் 'ஆன்' ஆகிறது!

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு, 2025 அக்டோபர் 14ல் முடிந்து விட்டது. விண்டோஸ் 11 இதில் ஏறாதாம். அதனால், காசில்லாத லினக்ஸ் போட்டுக் கொடுத்தார்.

தோழியரே, கழற்றிய பழைய டிஸ்க்கை மறக்காமல் கேட்டு வாங்கி வாருங்கள். குடும்ப போட்டோ, பேங்க் விவரம் எல்லாம் அதில்தானே இருக்கு!

- வாசகி, சத்தியமங்கலம்.