வேனில் ஏறும் சிலிண்டர்

2023 ஆகஸ்ட் 26, அதிகாலை. மதுரை ரயில் நிலையத்தை ஒட்டிய யார்டில் நிறுத்தியிருந்த ஒரு சுற்றுலாப் பெட்டி தீப்பற்றி எரிந்தது. உத்தரப் பிரதேசத்தின் லக்னோவிலிருந்து கோயில் கோயிலாகத் தரிசித்து வந்தவர்கள் அதில் இருந்தார்கள். அவர்களுடைய பெட்டி நாகர்கோவிலில் புனலூர்–மதுரை ரயிலோடு இணைக்கப்பட்டு மதுரை வந்திருந்தது. விடிவதற்குள் டீ போடலாம் என்று சிலர் அடுப்பைப் பற்றவைத்திருக்கிறார்கள். சட்டவிரோதமாகப் பெட்டிக்குள் கொண்டுவந்த சமையல் எரிவாயு சிலிண்டரே தீக்குக் காரணம் என்று ரயில்வே அறிவித்தது. ஒன்பது பேர் இறந்தார்கள்.

வடநாட்டுப் பயணிகளின் பழக்கம் என்று இதை நாம் ஒதுக்கிவிட முடியாது. கோடை விடுமுறையிலும் ஆடி மாதத்திலும் நம் ஊர்களிலும் இதுதான் நடக்கிறது. இருபது பேர் சேர்ந்து ஒரு வேன் பிடிக்கிறார்கள். அரிசி, அண்டா, கரண்டி, வாழை இலைக்கட்டு எல்லாம் ஏறுகின்றன. கடைசியில் யாரோ ஒருவர் வீட்டுச் சிலிண்டரும் ஏறுகிறது. குற்றாலம் போகிற வழியிலோ, திருச்செந்தூருக்குச் சற்று முன்னாலோ, ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி உலை வைக்கிறார்கள். சித்தி வெங்காயம் நறுக்க, மாமா தேங்காய் துருவ, பிள்ளைகள் இலை போட, ஓட்டுநரும் வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். ஓட்டல் சாப்பாட்டில் கிடைக்காத ஒன்று அந்தப் பந்தியில் இருக்கிறது. இந்தப் பழக்கம் போய்விடக் கூடாது என்பதுதான் என் ஆசையும். ஆனால் அந்தச் சிலிண்டரைப் பற்றிய சட்டமும் அபாயமும் விபத்துக்குப் பிறகு கிடைக்கக்கூடிய உதவியும் பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரிவதில்லை.

முதலில் சட்டம். வீட்டு இணைப்பில் வரும் 14.2 கிலோ சிவப்புச் சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டுமே தரப்படுகிறது. அதை வேறு உபயோகத்துக்குத் திருப்புவதை 2000-ஆம் ஆண்டின் எரிவாயு வழங்கல் ஆணை தடை செய்கிறது. சுற்றுலாவுக்குக் கொண்டுபோக வேறு வழி இருக்கிறது. 5 கிலோ எடையுள்ள சிறிய சிலிண்டர் பல பெட்ரோல் பங்குகளிலும் எரிவாயு ஏஜென்சிகளிலும் கிடைக்கிறது. இண்டேன் அதை ‘சோட்டு’ என்ற பெயரில் விற்கிறது. முகவரிச் சான்று வேண்டாம், அடையாள அட்டை ஒன்று போதும். மானியமில்லாத விலைதான். ஆனாலும் இருபது பேர் பங்கிட்டால் தலைக்கு ஒரு சிறு தொகை, அவ்வளவே.

இதற்குப் போட்டியாகக் கடைகளில் இன்னொன்று தொங்குகிறது. தலையிலேயே பர்னர் பொருத்திய, இரண்டு மூன்று கிலோ பிடிக்கும் குட்டிச் சிலிண்டர். ஐஎஸ்ஐ முத்திரை இருக்காது. பெரிய சிலிண்டரிலிருந்து டியூப் வைத்து அதில் கேஸ் நிரப்பித் தருவார்கள். அப்படி நிரப்புவது குற்றம். அளவுக்கு மேல் நிரம்பினால் கேஸ் விரிவதற்கு உள்ளே இடமே இருக்காது. பர்னர் நேரே மேலே இருப்பதால் அடுப்பின் சூடு முழுவதும் சிலிண்டர் மீதே இறங்கும். அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் பையன்கள் அதிகம் வாங்குவது இதைத்தான். உங்கள் வீட்டுப் பிள்ளையின் அறையில் ஒன்று இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள்.

அடுத்து, சிலிண்டர் வண்டியில் பயணம் செய்யும் நேரம். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடாது. தண்ணீர் பள்ளம் தேடுவது போல இருக்கைக்கு அடியிலும் டிக்கியின் மூலையிலும் போய்த் தங்கும். கண்ணாடி ஏற்றிய ஏசி வேனில் அது வெளியேற வழியே இல்லை. வாடைக்காகக் கலந்திருக்கும் பொருளை மூக்கு கண்டுகொள்ளும் முன், சிகரெட்டோ ஸ்டார்ட்டரின் தீப்பொறியோ முந்திக்கொள்ளலாம். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் சூடு ஏற ஏற சிலிண்டருக்குள் அழுத்தமும் ஏறும். ஆகவே பயணத்தில் ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வின் மேல் வெள்ளை மூடியைப் போட்டு, நிமிர்த்தி வைத்துக் கயிற்றால் கட்டுங்கள். படுக்கப் போடவே கூடாது. ஆட்கள் உட்காரும் இடத்தில் வைக்காமல் கேரியர் உள்ள தனி வண்டியில் கொண்டுபோக முடிந்தால் அதுவே நல்லது. என்னைக் கேட்டால், குழந்தைகள் ஏறும் வேனில் சிலிண்டரே ஏறக் கூடாது. போகிற ஊரில் 5 கிலோ சிலிண்டர் கிடைக்குமா என்று முதல் நாளே ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

சிலிண்டரை வாங்கும்போது செய்ய வேண்டிய பரிசோதனை அரை நிமிட வேலை. கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உட்புறம் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். ‘ஏ’ என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, ‘பி’ ஏப்ரல் முதல் ஜூன், ‘சி’ ஜூலை முதல் செப்டம்பர், ‘டி’ அக்டோபர் முதல் டிசம்பர். இலக்கம் ஆண்டைக் குறிக்கும். அந்தக் காலாண்டுக்குள் சிலிண்டர் மறுபரிசோதனைக்குப் போயிருக்க வேண்டும். தேதி தாண்டியிருந்தால் வாங்க மறுப்பது உங்கள் உரிமை. எடை போட்டுக் காட்டச் சொல்வதும், மூடியைக் கழற்றி வாஷர் சரியாக இருக்கிறதா, கசிவு இருக்கிறதா என்று பார்த்துத் தரச் சொல்வதும் உரிமைதான். டெலிவரிக்கு வருபவர் அவசரப்படுவார். அதற்காகக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். கம்பி வலை உள்ள ஆரஞ்சு நிற டியூபின் ஆயுள் ஐந்து ஆண்டு. அதன் மேலேயே ஆண்டு அச்சாகியிருக்கும். சுற்றுலா அடுப்புகளில் நான் பார்க்கும் பச்சை நிற பிளாஸ்டிக் டியூப் எதிலும் அப்படி ஒரு தேதியே இருப்பதில்லை.

அடுப்பை எங்கே மூட்டுவது? காற்றுக்கு மறைவு வேண்டும் என்று இரண்டு வேன்களுக்கு நடுவே அடுப்பை வைக்கிறார்கள். கசியும் கேஸ் தங்குவதற்கும், தீப்பிடித்தால் ஆள் ஓட முடியாமல் மாட்டிக்கொள்வதற்கும் இதைவிட வசதியான இடம் வேறில்லை. வண்டி, டீசல் டேங்க், காய்ந்த சருகு மூன்றையும் விட்டு விலகிய வெட்டவெளியே சரியான இடம். காற்று பலமாக அடித்தால் சமையலைத் தள்ளிப்போடுங்கள், அல்லது கட்டுச்சோற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிறிய அடுப்பின் மீது அகலமான அண்டாவை ஏற்றினால் சூடு கீழே திரும்பி டியூபைத் தாக்கும். கல் முட்டுக்கொடுத்த அடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தால் கொதிக்கும் சாம்பார் பக்கத்தில் நிற்கும் குழந்தையின் மேல் விழும். சிலிண்டர் வெடிப்பதை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறோம். சாயும் பாத்திரமும் அதே அளவு பயப்பட வேண்டிய ஒன்று.

வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள். லைட்டர், செல்போன், வண்டிச் சாவி எதையும் தொடாதீர்கள். எல்லோரையும் காற்று வரும் திசைக்குப் போகச் சொல்லுங்கள். தள்ளிப் போன பிறகே போன் போடுங்கள்: எரிவாயுக் கசிவுக்கான அவசர எண் 1906. இது 24 மணி நேரமும் இயங்கும். எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மூடியால் மூடினாலே போதும். ஈரச் சாக்கு ஒன்று அடுப்பருகே எப்போதும் இருக்கட்டும். உடையில் தீப்பிடித்தவர் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும், மற்றவர்கள் பருத்திப் போர்வையால் போர்த்தி அணைக்க வேண்டும். வெந்த இடத்தில் இருபது நிமிடம் சாதாரணத் தண்ணீர் ஓடட்டும். வீங்கும் முன் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். மாவு, இங்க், பற்பசை, ஐஸ் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியால் மூடி 108-ஐ அழையுங்கள்.

மலைக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் ஏற்பட்ட தீயில் மலையேற்றம் சென்ற 23 பேர் உயிரிழந்தார்கள். சுற்றுலாச் சமையலுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று நான் சொல்லவில்லை. காய்ந்த புல்லில் மலைச்சரிவில் ஏறும் தீ மனிதக் கால்களைவிட வேகமாக ஓடும் என்பதை அந்த நாள் காட்டிவிட்டது. காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயத்துக்குள் என்றால் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும். மூன்று ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வனத்துறைச் சாவடியில் அடுப்பையும் சிலிண்டரையும் இறக்கச் சொன்னால் வாக்குவாதம் செய்யாமல் இறக்கிவிடுங்கள். மீந்த சோற்றைக் குரங்குக்குப் போட வேண்டாம். பிளாஸ்டிக் தட்டு, தெர்மாகோல் தட்டு, கேரி பேக் ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. வாழை இலைதான் வழி, அதுதான் நமக்குப் பழக்கமும்.

ரயிலில் எந்த விலக்கும் இல்லை. சிலிண்டர், ஸ்டவ், மண்ணெண்ணெய், பட்டாசு போன்ற ஆபத்தான பொருள்களைக் கொண்டுபோவது 1989-ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம் 164-ஆம் பிரிவில் குற்றம். மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதோடு, ஏற்பட்ட சேதத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும். செல்போன் சார்ஜ் பிளக்கில் எலெக்ட்ரிக் கெட்டில் சொருகுவதும் அனுமதிக்கப்பட்டதல்ல. பக்கத்துப் பெட்டியில் யாராவது அடுப்பு பற்றவைப்பதைப் பார்த்தால் ரயில்வே உதவி எண்ணான 139-க்குச் சொல்லிவிடுங்கள். உங்கள் உயிரும் அதே ரயிலில்தான் இருக்கிறது.

மிகக் குறைவான பேருக்குத் தெரிந்த விஷயம் காப்பீடு. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆகிய மூன்று நிறுவனங்களும் எரிவாயு விபத்துகளுக்குப் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. நாம் ஒரு பைசாகூடப் பிரீமியம் கட்டுவதில்லை. எரிவாயுவே தீக்கு முதற்காரணமாக இருந்தால் உயிரிழந்தவர் ஒவ்வொருவருக்கும் 6 லட்சம் ரூபாய். மருத்துவச் செலவுக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, ஒரு விபத்துக்கு மொத்தம் 30 லட்சம் வரை. சொத்துச் சேதத்துக்கு 2 லட்சம் வரை. ஆனால் சொத்துச் சேதம் வாடிக்கையாளரின் பதிவான முகவரியில் நடந்திருக்க வேண்டும். புளியமரத்தடியில் எரிந்துபோன வேனுக்கு இந்தப் பணம் வராது. வீட்டுச் சிலிண்டரை விதிமீறி வெளியே கொண்டுபோயிருந்தால், மற்றக் கோரிக்கைகளையும் மறுத்து வாதாட நாமே காரணம் எடுத்துக்கொடுத்தது போலாகும். சுற்றுலாவுக்கு முறையான சிறு சிலிண்டரை வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்தச் சொல்வது இதற்காகத்தான்.

விபத்து நடந்தால் உடனே ஏஜென்சிக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். அவர்கள் எண்ணெய் நிறுவனத்துக்கும், நிறுவனம் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கை, இறப்புச் சான்றிதழ், பிரேதப் பரிசோதனை அறிக்கை, மருத்துவ ரசீதுகள் தேவைப்படும். எரிந்த சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் இடம் மாற்றாமல் படம் எடுத்து வையுங்கள். துக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு இதையெல்லாம் செய்யத் தோன்றாது. அந்த வேலையை நண்பர் ஒருவர் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி, பானைக்குள் இருப்பதைப் பற்றி. சிலிண்டரே வேண்டாம் என்று விடியற்காலையில் வீட்டிலேயே சமைத்துக் கட்டிக்கொண்டு போவது எத்தனையோ மேல். அதிலும் கவனம் வேண்டும். அரிசியில் இருக்கும் ‘பேசில்லஸ் செரியஸ்’ என்ற கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருந்தால் அது பெருகி நஞ்சை உண்டாக்கும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அந்த நஞ்சு அழியாது. கையில் இருக்கும் புண், நகக்கண் வழியாகப் போகும் இன்னொரு கிருமியின் நஞ்சும் அப்படித்தான். சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி தொடங்கும். ஆகவே 60 டிகிரிக்கு மேல் சுடச்சுட, அல்லது 5 டிகிரிக்குக் கீழ் குளிர்ச்சியாக. இரண்டுக்கும் நடுவே உணவு நிற்கும் நேரத்தைக் குறையுங்கள். புளியும் நல்லெண்ணெயும் தாராளமாகச் சேர்ந்த புளியோதரை, பொடி தடவிய இட்லி, சப்பாத்தி ஆகியவை தாங்கும். தேங்காய்ச் சட்னியும் முட்டையும் முதலில் கெடும். பெரிய அண்டாவில் காலை அடைத்த கோழி பிரியாணியை மாலையில் திறப்பதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். கையால் பிசையாமல் கரண்டியால் கிளறுங்கள். செய்தித்தாளில் பொட்டலம் கட்டாதீர்கள். அச்சு மை உணவில் ஏறும் என்பதால் உணவுப் பாதுகாப்பு ஆணையமே அதைத் தடை செய்திருக்கிறது.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓஆர்எஸ் பொட்டலத்தை ஒரு லிட்டர் காய்ச்சிய நீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கிடைக்காத இடத்தில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் அதே ஒரு லிட்டர் நீரில். குழந்தை சோர்ந்து படுத்தாலோ, சிறுநீர் கழிக்காவிட்டாலோ, மலத்தில் இரத்தம் வந்தாலோ காத்திருக்கக் கூடாது.

சமையல் மாஸ்டரோடு அழைத்துப் போகும் டூர் ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டியிருந்தால் நிலைமை வேறு. அங்கே நீங்கள் நுகர்வோர். உணவு விற்பவருக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு இருக்க வேண்டும், அந்த எண்ணைக் கேட்கலாம். அவருடைய அலட்சியத்தால் உணவு உயிரைப் பறித்தால் குறைந்தது 5 லட்சம், கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்றவற்றுக்கு 1 லட்சம் வரை இழப்பீடு தர 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 65-ஆம் பிரிவு வழி செய்கிறது. சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றில்லை. முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்து வழி கேட்கலாம். கட்டிய பணத்துக்கு ரசீது, சாப்பிட்ட பிறகு எடுத்த சிகிச்சையின் மருத்துவச் சீட்டு, இரண்டும் இல்லாமல் எந்தப் புகாரும் நிற்காது.

அடுத்த பயணத்துக்கு வேன் பேசும்போதே ஓட்டுநரிடமும் சமையல் மாஸ்டரிடமும் சிலிண்டரைப் பற்றிப் பேசிவிடுங்கள். 1906, 108 இரண்டு எண்களையும் அவர்கள் செல்போனில் பதிந்துவிட்டே வண்டியை எடுக்கச் சொல்லுங்கள்.